டார்வினின் 1849 உருவப்படம்: செதுக்கு அச்சா, கல்லச்சா?

தாள்மணம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக விற்கும் ஒருவரிடமிருந்து இணையம் வழியாகச் சென்ற மாதம் மூன்று உருவப்படங்களை வாங்கினேன். அவற்றுள் ஒன்றுக்காகத்தான் கட்டு முழுவதற்கும் பணம் கொடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அது சார்லஸ் டார்வினின் படம். பாடப்புத்தகங்களில் நாம் பார்த்துப் பழகிய வெண்தாடிக் கிழவர் இதில் இல்லை. தாடி இல்லாமல், கன்னத்தில் கிருதா மட்டும் இறங்க, முன்வழுக்கை ஏறிய நாற்பது வயது மனிதர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். படத்தில் 'டி. எச். மக்வயர் 1849' என்ற கையொப்பமும், அடியில் அச்சிட்டவர் பெயராக 'எம். அண்ட் என். ஹேன்ஹார்ட்' என்பதும் காணப்படுகின்றன.

விற்றவர் இதைச் 'செதுக்கு அச்சு' என்று குறிப்பிட்டிருந்தார். எனக்கோ பார்த்தவுடன் பென்சிலில் வரைந்த படம் போலத்தான் தோன்றியது. இது எந்த வகை அச்சு என்று எப்படிக் கண்டுகொள்வது? மேலும், டார்வினுக்குப் பெரும்புகழ் தந்த நூல் 1859-இல்தான் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே அவரை உட்காரவைத்துப் படம் வரைந்து அச்சிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? மற்ற இரு படங்களில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றின் பின்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிய பெயர் முற்றிலும் மங்கிவிட்டது.

மசிக்கறை எழுதியது:

மக்வயர் வரைந்த டார்வின் படம் கல்லச்சுதான், அதாவது கல்லின்மேல் வரைந்து தாளில் எடுத்த அச்சு. அதில் ஐயம் வேண்டாம். உங்களிடம் இருக்கும் தாள் அக்காலத்தில் கல்லிலிருந்து எடுத்த படிதானா என்பது வேறு கேள்வி. அதைத் தாளை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வதே போதும்.

செப்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ உளியால் செதுக்கிய படமாக இருந்தால் ஒவ்வொரு கோடும் ஊசிமுனையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடியும் ஊசிமுனையாக முடியும். பள்ளத்தில் தேங்கிய மசியைத் தாள் உறிஞ்சிக்கொண்டு வருவதால் விரல் நுனிக்குக் கோடு சற்றே மேடாகத் தட்டுப்படும். தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய தடமும் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இருக்கும், யாரும் வெட்டி எறியாமல் விட்டிருந்தால். கல்லச்சில் இவை எதுவும் இராது. கிரேயான் கல்லின் சொரசொரப்பில் எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் கரும்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகள் மணல் சிதறியதைப் போல ஒழுங்கின்றிக் கிடக்கும். மாறாகப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல வரிசையாக நின்றால், அது புகைப்பட முறையில் பிற்காலத்தில் எடுத்த நகல் என்று கொள்ளுங்கள்.

கலைக்கல்லூரியில் படித்தபோது இரண்டு ஆண்டுகள் கல்லில் வேலை செய்திருக்கிறேன் என்பதால் இதை விரிவாகச் சொல்ல ஆசையாக இருக்கிறது. கல் என்பது பவேரியாவின் சோல்ன்ஹோஃபனில் வெட்டியெடுக்கும் நுண்ணிய சுண்ணாம்புக்கல். இரண்டு கற்களுக்கு நடுவில் மணலும் நீரும் இட்டு ஒன்றின்மேல் ஒன்றைச் சுழற்றித் தேய்த்து முகத்தைச் சமமாக்குவோம். எவ்வளவு நுண்ணிய மணலோ அவ்வளவு நுண்ணிய சொரசொரப்பு. மெழுகு, சவர்க்காரம், கொழுப்பு, விளக்குக்கரி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த கிரேயானால் அதன்மேல் வரைவோம். பின்பு வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து கல் முழுவதும் பூசி உலரவிடுவோம். கிரேயான் படாத இடங்களில் பிசின் பிடித்துக்கொண்டு, அவை எப்போதும் நீரை ஏற்று எண்ணெய்ப்பசையை விலக்கும் இடங்களாகிவிடும்.

அடுத்த படியில் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். டர்பன்டைன் நனைத்த துணியால், பாடுபட்டு வரைந்த படத்தை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். கல் வெறிச்சென்று கிடக்கும்; நான்கு நாள் உழைப்பு போயிற்றே என்று மனம் பதறும். அப்புறம் ஈரக் கடற்பஞ்சால் கல்லை நனைத்து, மசி ஏறிய தோல் உருளையை உருட்டினால், முதலில் கண், பின்பு மூக்கின் நிழல், பின்பு தலைமுடி என்று முகம் ஒன்று கல்லுக்குள்ளிருந்து எழுந்து வரும். கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருப்பதால், மேலே இருந்த கறுப்பு போனாலும் மசியை வாங்கும் குணம் போகாது. சென்னை வெயிலில் குனிந்து வரையும்போது நெற்றி வியர்வையோ உள்ளங்கைப் பிசுக்கோ கல்லில் பட்டால் அதுவும் விசுவாசமாக அச்சாகும். என்னுடைய முதல் உருவப்படத்தில் இருந்த பெரியவரின் கன்னத்தில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது.

கீழடுக்கு எழுதியது:

தாள்மணம் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

படத்தின் பின்னணி லண்டன் அன்று. சஃபோக் மாவட்டத்தில் இருக்கும் இப்ஸ்விச் என்ற ஊர். அங்கு 1847-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உழைக்கும் மக்களுக்கு இயற்கை அறிவியலைக் கற்பிப்பது அதன் நோக்கம். அதன் பின்னின்று ஓடியாடியவர் ஜார்ஜ் ரான்சம். ஏர்க்கலப்பைகளும் வேளாண் எந்திரங்களும் செய்து பெயர் பெற்ற ரான்சம் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு மாவட்டத்து ஊரின் புதிய அருங்காட்சியகத்தை நாடு திரும்பிப் பார்க்க என்ன செய்வது என்று யோசித்த அவர், அக்காலத்தின் பெரிய அறிவியலாளர்களைக் கௌரவ உறுப்பினர்களாக்கி, அவர்களுடைய உருவப்படங்களை வரிசையாக வெளியிட ஏற்பாடு செய்தார். வரையும் பொறுப்பு தாமஸ் ஹெர்பர்ட் மக்வயரிடம் வந்தது. ஏறக்குறைய அறுபது படங்கள் வெளிவந்தன. 1852-இல் அவை தொகுதியாகவும் கிடைத்தன. டார்வின், லயல், ஓவன், ஃபாரடே என்று, அந்தத் தலைமுறையின் பிரிட்டிஷ் அறிவியலே அத்தொகுதிக்குள் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது.

பொதுமக்களிடம் பெயர் பரவாவிட்டாலும் 1849-இல் டார்வின் சாதாரண ஆள் இல்லை. பீகிள் கப்பல் பயணத்தைப் பற்றிய அவருடைய நூல் வந்து பத்தாண்டாகியிருந்தது. பவளத்தீவுகளைப் பற்றியும் எரிமலைத் தீவுகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அந்த ஆண்டுகளில் பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற சிறு கடலுயிர்களை அறுத்துப் பார்த்து வகைப்படுத்திக்கொண்டிருந்தார். நிலவியலாளர்கள் வட்டத்தில் மதிப்புப் பெற்ற ஒருவரின் முகமாகத்தான் இது வரையப்பட்டது. பின்னால் நடக்கப்போவது படத்துக்குத் தெரியாது. இந்தப் படத்தை நான் விரும்புவதற்கும் அதுவே காரணம்.

அச்சிட்ட ஹேன்ஹார்ட் நிறுவனம் லண்டனின் பெரிய கல்லச்சகங்களுள் ஒன்று. பிற்காலத்தில் இசைத்தாள்களுக்கு அது அச்சிட்ட வண்ண முகப்புகளுக்காகவே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வடகரையான் எழுதியது:

நல்ல விளக்கங்கள். இருந்தாலும் கல்லச்சைச் சற்று உயரத்தில் தூக்கி வைக்கிறீர்களோ என்று படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் உருவப்பட அச்சு என்றால் முதலிடம் மெஸ்ஸோடிண்ட்டுக்கே. ஐரோப்பாவின் பிற நாடுகளில் அதற்கு 'ஆங்கில முறை' என்றே பெயர் வழங்கியது. தகடு முழுவதையும் பல்வைத்த வளைகத்தியால் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்கிவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி மழமழப்பாக்குவார்கள். அதாவது இருட்டிலிருந்து முகத்தை வெளியே எடுக்கும் முறை அது. சர் தாமஸ் லாரன்ஸ் வரைந்த சிறுவன் லாம்ப்டனின் படத்தை சாமுவேல் கசின்ஸ் 1827-இல் மெஸ்ஸோடிண்ட்டாக்கினார்; அந்த வெல்வெட் உடையின் கருமையை எந்தக் கல்லாலும் தர முடியாது.

செப்புத் தகடு மெத்தென்றிருப்பதால் சில நூறு படிகளுக்குள் மெஸ்ஸோடிண்ட் மழுங்கிவிடும் என்ற குறை இருந்தது உண்மைதான். அதையும் 1822-இல் தாமஸ் லப்டன் எஃகுத் தகட்டைக் கொண்டு தீர்த்துவைத்தார். கலைகளை ஊக்குவிக்கும் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது. எஃகு ஆயிரக்கணக்கில் தாங்கும். அப்படியானால் கல்லச்சுக்கு மிஞ்சுவது என்ன? மலிவும் வேகமும்தான்.

சமூக மதிப்பையும் பாருங்கள். லண்டனின் கலைஞர் கழகமான ராயல் அகாடமி 1768-இல் தொடங்கியபோது செதுக்கு அச்சுக் கலைஞர்களையே முழு உறுப்பினராக ஏற்கவில்லை. மறு ஆண்டு 'இணை உறுப்பினர்' என்ற கீழ்ப்படியில் ஆறு இடம் ஒதுக்கியது. கசின்ஸ் முழு உறுப்பினரானது 1855-இல். செதுக்குபவனுக்கே இந்தக் கதி என்றால் கல்லில் வரைபவனை யார் மதித்திருப்பார்கள்? சட்டம் கூட அவனை மறந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் ஹோகார்த்தின் காலத்திலிருந்து செதுக்கு அச்சுகளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. கல்லச்சும் அதற்குள் அடங்கும் என்று நாடாளுமன்றம் தெளிவாக எழுதிவைத்தது 1852-இல்தான்.

மசிக்கறை எழுதியது:

வடகரையான் ஐயா சொன்ன ஆண்டுகளோடு எனக்கு வழக்கில்லை, முடிவோடுதான் வழக்கு. மெஸ்ஸோடிண்ட்டின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் அது செய்த வேலை வேறு, கல்லச்சு செய்த வேலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தப்பு.

கசின்ஸின் தகட்டில் நாம் பார்ப்பது சிறுவன் லாம்ப்டனையா, லாரன்ஸின் ஓவியத்தையா? ஓவியத்தைத்தான். முதலில் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைவார். அதைப் பார்த்துச் செதுக்குபவர் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், தகட்டோடு கிடப்பார். தாளின் அடியில் இடப்பக்கம் 'பிங்க்ஸிட்', வலப்பக்கம் 'ஸ்கல்ப்ஸிட்' என்று இருவர் பெயரும் இலத்தீனில் தனித்தனியே நிற்கும்: இவர் வரைந்தார், அவர் செதுக்கினார். அச்சு என்பது அங்கே ஓவியத்தின் மொழிபெயர்ப்பு. கல்லில் அப்படி இல்லை. பென்சில் பிடிக்கத் தெரிந்த கை போதும். உளி பழக ஏழாண்டு பயிற்சி தேவையில்லை. அமர்ந்திருப்பவரைப் பார்த்து வரைந்த கையே கல்லிலும் வரையலாம். எனவே தாளில் விழுவது மொழிபெயர்ப்பு அல்ல, அந்தக் கையின் மூலவாக்கியம். இதில் விலை குறைந்தது என்பது கூடுதல் ஆதாயம்.

'யார் மதித்தார்கள்' என்று கேட்டீர்கள். ரிச்சர்ட் ஜேம்ஸ் லேனைப் பற்றிச் சொல்கிறேன். ஓவியர் கெய்ன்ஸ்பரோவின் சொந்தக்காரர். அரபு அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேனின் உடன்பிறந்தவர். கோடு செதுக்கும் கலையில் தேறி 1827-இல் அகாடமியின் இணை உறுப்பினரானவர், அதன் பிறகு உளியை வைத்துவிட்டுக் கல்லுக்கு வந்துவிட்டார். நீங்கள் சொல்லும் ஏணியில் ஏறிய ஒருவர் தாமாகவே இறங்கி வந்தார் என்றால், கீழே ஏதோ இருந்திருக்க வேண்டும் அல்லவா? 1829-இல் பத்து வயது விக்டோரியாவை வரைந்தார். அவர் அரசியான 1837-இல் அரசியின் கல்லச்சுக் கலைஞராக நியமனம் பெற்றார். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லச்சுகள் செய்தார். அகாடமியில் அச்சுக் கலைஞர்களின் தகுதிக்காகக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். கூடுதலாக ஒரு செய்தி: இங்கிலாந்தின் மால்வெர்ன் என்ற ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்குப் போய்வந்து அதைப் பற்றி 1846-இல் நாட்குறிப்பு வடிவில் ஒரு நூலும் எழுதினார். மக்வயர் படம் வரைந்த அதே 1849-இல் டார்வின் வயிற்றுக் கோளாற்றுக்காகக் குடும்பத்தோடு போய்த் தங்கியதும் அதே மால்வெர்னில்தான்.

கீழடுக்கு எழுதியது:

மசிக்கறை சொன்னதன் தொடர்ச்சியாகச் சிறிது எழுதுகிறேன். கல்லச்சு உருவப்படத்துக்கு என்று ஒரு சமூகம் இருந்தது. அதைக் கண்டால்தான் இப்ஸ்விச் தொகுதியும் விளங்கும்.

லண்டனில் எழுத்தாளர்களும் பிரமுகர்களும் கூடிய லேடி பிளெஸிங்டனின் கோர் ஹவுஸ் மாளிகையில் விருந்துக்கு வருபவர்களை டோர்சே பிரபு பென்சிலில் பக்கவாட்டு முகமாக வரைவார். அந்த மெல்லிய கோட்டோவியங்களை லேன் கல்லில் ஏற்றினார். ஓல்டு பாண்ட் தெருவில் கடை வைத்திருந்த ஜான் மிட்செல் வெளியிட்டார். டோர்சே பெரிய ஓவியர் இல்லை. எல்லோரும் ஒரே திசை பார்த்துக்கொண்டு, ஒரே தையற்காரரிடம் சட்டை தைத்தவர்கள் போல இருப்பார்கள். ஆனாலும் ஒரு மாலையில் அந்த வரவேற்பறையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி கிடையாது. 1830 முதல் 1838 வரை டேனியல் மக்லிஸ் ஒரு மாத இதழுக்காகப் புனைபெயரில் வரைந்த எழுத்தாளர் வரிசையும் இந்த வகைதான். எழுத்தாளர்கள் தேநீர்க் கோப்பையோடும் கலைந்த தலையோடும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

இந்தப் படங்களின் அடியில் பல நேரம் அமர்ந்தவரின் கையெழுத்தே அச்சாகியிருக்கும். பட்டமும் பதவியும் அடுக்கிய செதுக்கெழுத்து இல்லை. 'தங்கள் உண்மையுள்ள' என்று கடிதத்தில் போடும் ஒப்பம். சங்கத்து உறுப்பினருக்கும், சந்தா கட்டியவருக்கும், மாணவருக்கும், நண்பருக்கும் சேர வேண்டிய முகம் என்பதை அந்த ஒப்பமே சொல்லிவிடுகிறது. மெஸ்ஸோடிண்ட் மாளிகைச் சுவருக்குப் போயிற்று. கல்லச்சு படிப்பறைக்கும் ஆல்பத்துக்கும் போயிற்று. இப்ஸ்விச்சின் ரான்சம் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

செவ்வந்தி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஓர் ஐயம் எழுகிறது. கல்லில் வரைந்ததைத் தாளில் அழுத்தினால் இடம்வலமாக மாறித்தானே விழும்? அப்படியானால் டார்வினின் தலைவகிடு மாறியிருக்குமே? கையெழுத்து மட்டும் எப்படி நேராக விழுகிறது?

மசிக்கறை எழுதியது:

செவ்வந்தி அம்மா கேட்டது நுட்பமான கேள்வி. கைதேர்ந்தவர்கள் கல்லிலேயே இடம்வலம் மாற்றி வரைந்துவிடுவார்கள்; காகிதத்தில் வரைந்த படத்தைக் கண்ணாடியின் முன் நிறுத்தி, பிம்பத்தைப் பார்த்து வரைவது பழைய உபாயம். எழுத்தை இடம்வலம் மாற்றி எழுதுவதற்கென்றே அச்சகத்தில் தனி ஆள் இருப்பார்.

கையெழுத்துக்கு வேறு வழி உண்டு. பசை பூசிய தாளில் கொழுப்பு மசியால் ஒருவர் வழக்கம்போல ஒப்பமிட்டால், அந்தத் தாளைக் கல்லின்மேல் கவிழ்த்து அழுத்தி, நனைத்து உரித்துவிடலாம். கொழுப்பு கல்லுக்குப் போய்விடும். கல்லில் இடம்வலமாக இருப்பது தாளில் மீண்டும் நேராகும். இதற்கு 'மாற்றுத்தாள் முறை' என்று பெயர் சொல்லலாம். இந்த முறை, கல்லச்சைக் கண்டுபிடித்த செனஃபெல்டரின் காலத்திலேயே இருந்தது. அவரே தம் கண்டுபிடிப்பில் இதைத்தான் மிகப் பெரிதாக மதித்தார்.

இதே தாளைப் பற்றி நூற்றாண்டின் முடிவில் லண்டனில் நீதிமன்றம் வரை போயிற்று. ஓவியர் ஜோசஃப் பென்னல் மாற்றுத்தாளில் வரைந்தவற்றைக் கல்லச்சு என்று விற்கிறார், அது உண்மையான கல்லச்சே அன்று என்ற பொருளில் ஓவியர் சிக்கர்ட் ஒரு வார இதழில் எழுதினார். பென்னல் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 1897-இல் நடந்த விசாரணையில், மாற்றுத்தாளை நிறையப் பயன்படுத்திய ஓவியர் விஸ்லரே பென்னலுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினார்; பென்னலுக்கு 50 பவுண்டு நட்டஈடு கிடைத்தது. என் மனம் சட்டத்தின் பக்கம் இருந்தாலும், விரல்கள் சிக்கர்ட் பக்கம்தான். கல்லில் நேரடியாக வரையும்போது கிரேயானின் முனை மணிமணியாகக் கடிபடும் சுகம் தாளில் கிடைக்காது.

வடகரையான் எழுதியது:

மொழிபெயர்ப்பு, மூலவாக்கியம் என்று மசிக்கறை சொன்னதைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஏன் பாதி என்றால், அந்த மூலவாக்கியத்தின் ஆயுள் மிகக் குறைவு.

ரிச்சர்ட் பியர்ட் லண்டன் ரீஜன்ட் தெருவில் பாலிடெக்னிக் கட்டடத்தின் மேல்தளத்தில் டகெரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறையில் படமெடுக்கும் நிலையத்தைத் திறந்தது 1841 மார்ச்சில். ஆனால் டகெரோடைப் ஒற்றைப் படம்; ஒன்றிலிருந்து நூறு எடுக்க முடியாது. ஆகவே அடுத்த இருபது ஆண்டுகள் ஒரு விசித்திரமான ஒப்பந்தம் ஓடியது. முகத்தைக் கேமரா பிடிக்கும். அதைப் பார்த்துச் செதுக்குபவரும் கல்லில் வரைபவரும் படி எடுப்பார்கள். அடியில் 'டகெரோடைப்பிலிருந்து' என்று ஒரு வரி சேரும். அப்போது உங்கள் கல்லச்சுக்காரரும் மொழிபெயர்ப்பாளர்தானே? அந்தப் படங்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அசையாமல் உட்காரச் சொன்னதால் விறைத்த கழுத்தும் வெறித்த பார்வையும் கல்லில் அப்படியே இறங்கியிருக்கும்.

பிறகு 1860-இல் புகைப்படக்காரர் மேயால் அரச குடும்பத்தின் சிறு புகைப்படங்களை ஆல்பமாக வெளியிட்டார். அட்டை அளவுப் புகைப்படம் காட்டுத்தீயாகப் பரவியது. கீழடுக்கு சொன்ன அந்த ஆல்பத்தில் கல்லச்சு இருந்த இடத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டது. சுவரில் தொங்கிய மெஸ்ஸோடிண்ட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் ஆபத்து வரவில்லை என்பதைப் பணிவோடு குறிப்பிட விரும்புகிறேன்.

மசிக்கறை எழுதியது:

டகெரோடைப் விஷயத்தில் சரணடைகிறேன். அந்த விறைத்த கழுத்துகளை எனக்கும் பிடிக்காது. ஆனால் கல் அதோடு சாகவில்லை. 1869 முதல் 'வேனிட்டி ஃபேர்' வார இதழில் 'ஏப்', 'ஸ்பை' என்ற புனைபெயர்களில் பெல்லெக்ரினியும் லெஸ்லி வார்டும் வரைந்த கேலி உருவப்படங்கள் அனைத்தும் வண்ணக் கல்லச்சுகள். அமைச்சரின் தொப்பையைக் கேமரா ஓரளவுதான் காட்டும். நூற்றாண்டின் இறுதியில், 1893 தொடங்கி, இருபத்தொரு வயதே ஆன வில்லியம் ராத்தன்ஸ்டைன் ஆக்ஸ்ஃபோர்டின் பெரியவர்களையும் மாணவர்களையும் நேரில் பார்த்து 24 கல்லச்சு உருவப்படங்கள் செய்தார். அவர்களுள் ஒருவரான எழுத்தாளர் வால்டர் பேட்டருக்குத் தம் படம் பிடிக்கவே இல்லை. அமர்ந்தவருக்குப் பிடிக்காமல் போகும் அளவுக்கு உயிர் இருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

செவ்வந்தி எழுதியது:

நம் நாட்டவர் யாருடைய முகமாவது அக்காலத்து லண்டன் கல்லில் ஏறியிருக்கிறதா?

கீழடுக்கு எழுதியது:

ஏறியிருக்கிறது. தலைமை ஆளுநர் ஆக்லண்டின் சகோதரி எமிலி ஈடன் இங்கிருந்த ஆண்டுகளில் வரைந்த ஓவியங்களை லோஸ் டிக்கின்சன் கல்லில் வரைய, 1844-இல் லண்டனில் பெருந்தொகுதியாக வெளியிட்டார்கள். ரஞ்சித் சிங்கும் பஞ்சாபின் சர்தார்களும் அதில் இருக்கிறார்கள். ரஞ்சித் சிங் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டு, ஆடம்பரமில்லாத உடையில் உட்கார்ந்திருப்பார். அரசவை ஓவியர்கள் அவரை அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

தாள்மணம் எழுதியது:

லென்ஸ் வந்துவிட்டது. முடிவை எழுதுவதற்கு மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

டார்வினின் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் வரிசையாக, பாய் பின்னியதைப் போலச் சாய்கோட்டில் நிற்கின்றன. கருமை கூடும் இடத்தில் புள்ளி பெருக்கிறது, வரிசை மட்டும் கலையவில்லை. தாளை விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்ததில் அது வழுவழுப்பான புதுத்தாள் என்பதும் தெரிந்தது. வெளியே தெரியும் மஞ்சள் நிறத்தை யாரோ தேநீரால் ஏற்றியிருக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். மொத்தத்தில் எனக்குக் கிடைத்தது நகல்.

எரிச்சலில் மற்ற இரண்டையும் அதே லென்ஸில் பார்த்தேன். ஒன்று முழுக்கவும் நுண்புள்ளிகளால் ஆன முகம். உடை மட்டும் கோடுகள். தகட்டின் அழுத்தத் தடம் ஒரு பக்கம் மிஞ்சியிருக்கிறது. பெயர் மங்கிய மூன்றாவது தாளில்தான் கை நடுங்கியது. மேலங்கியின் தோள்பட்டைக் கருமைக்குள் மணல் கொட்டியது போன்ற புள்ளிகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஊசியால் கல்லைச் சுரண்டி எடுத்த வெண்கீற்றுகள் இரண்டு தெரிகின்றன. படம் மெல்லிய சீனத்தாளில் அச்சாகி, அந்தத் தாள் தடித்த தாளோடு ஒட்டியிருக்கிறது. இதன் அடி ஓரத்தை முன்பே யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்.

கீழடுக்கு எழுதியது:

இரண்டாவது படம் ஸ்டிப்பிள் முறை, அதாவது தகட்டில் புள்ளி புள்ளியாகச் செதுக்குவது. வாழ்க்கை வரலாற்றுத் தொகுதி ஏதோ ஒன்றிலிருந்து கிழித்த பக்கமாக இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மூன்றாவதை லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் இணையப் பட்டியலில் உள்ள படத்தோடு வைத்து ஒப்பிட்டேன். அவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜின் தாவரவியல் பேராசிரியர், பாதிரியார், 1850-இல் இப்ஸ்விச் அருங்காட்சியகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றவர். வரைந்தவர் அதே மக்வயர். வரிசையும் அதே இப்ஸ்விச் வரிசை. இருபத்திரண்டு வயது டார்வினைப் பீகிள் கப்பலுக்குப் பரிந்துரைத்து அனுப்பிவைத்த ஆசிரியர் இவர்தான். மாணவரைத் தேடிப் போன உங்களுக்கு ஆசிரியர் அசலாக வந்திருக்கிறார்.

வடகரையான் எழுதியது:

வாழ்த்துகள், தாள்மணம். இணைப்பில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தத் தோள்பட்டைக் கருமை நன்றாகவே இருக்கிறது. மெஸ்ஸோடிண்ட் அளவுக்கு இல்லை. இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

தாள்மணம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஓர் உதவி வேண்டும். ஹென்ஸ்லோவின் தாள் பழுப்பு அட்டை ஒன்றில் நான்கு மூலையிலும் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அட்டையின் பழுப்பு தாளின் ஓரத்துக்கு ஏறத் தொடங்கிவிட்டது. நீராவி காட்டி எடுக்கலாமா?

மசிக்கறை எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். நீராவி பட்டால் சீனத்தாள் அடித்தாளை விட்டுக் கொப்புளமாக எழும்பும். பிறகு அதைப் படியவைப்பது பெரும்பாடு. தாளை அட்டையிலிருந்து பிரிக்கப் பார்க்காமல், அட்டையைத் தாளிலிருந்து பிரியுங்கள். படத்தைச் சுத்தமான தாளின்மேல் குப்புற வைத்து, அட்டையைப் பின்புறமிருந்து மெல்லிய கத்தியால் அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே வாருங்கள். கடைசி அடுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, தாள் பராமரிப்புப் பழகிய ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவரை அமிலமில்லாத தாளுக்குள் வைத்திருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். என் கட்டைவிரல் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.